பாங்காக்கில் முதல் நாள்: விடியற்காலையில் இறங்குகிறோம், அம்மாவை எங்கே அழைத்துச் செல்வது?

தாமிரபரணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு பாங்காக் போகிறேன். இருவருமே இதுவரை கடல் தாண்டியதில்லை. திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு ரயில், அங்கிருந்து நள்ளிரவுக்கு மேல் விமானம். சுவர்ணபூமி விமான நிலையத்தில் இறங்கும்போது விடியற்காலை ஐந்து மணி இருக்கும். விடுதி அறையோ பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும்.

அம்மாவுக்கு அறுபத்தாறு வயது. முட்டைகூடத் தொடாத சைவம். முழங்கால் வலி உண்டு; மெதுவாக நடந்தால் சமாளித்துவிடுவார். சுற்றுலா நிறுவனம் ஒன்று அனுப்பிய திட்டத்தில், இறங்கிய காலையிலேயே அரண்மனை, மதியம் இரண்டு கோயில்கள், பிறகு ரத்தினக்கல் ஆலை, இரவு படகில் விருந்து என்று போட்டிருக்கிறார்கள். படிக்கும்போதே மூச்சு வாங்குகிறது. இரவு முழுக்கத் தூங்காத ஒருவரை இப்படி அலைக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஊர் தெரியாமல் தனியாகப் போய்த் திண்டாடுவோமோ என்ற பயமும் இருக்கிறது. நீங்கள் என்றால் முதல் நாளை எப்படி வைத்துக்கொள்வீர்கள்?

படகுத்துறை எழுதியது:

சகோதரி, நான் பாங்காக்கில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து வரும் உறவினர்கள் பெரும்பாலும் நீங்கள் சொல்லும் அதே நேரத்தில்தான் வந்து இறங்குகிறார்கள். என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன்: முதல் நாளில் ஒரே ஒரு பேட்டை போதும். அரண்மனை வேண்டாம், படகு விருந்து வேண்டாம். சீலோம் பகுதியில் அறை எடுங்கள். கோயில், பூங்கா, சைவச் சாப்பாடு, ரயில், ஆறு எல்லாமே அங்கிருந்து அருகில் இருக்கின்றன.

புறப்படுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் எல்லோரும் 2025 மே 1 முதல் வருகை அட்டையை இணையத்திலேயே நிரப்ப வேண்டும். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பலாம். கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது போலி. அம்மாவுக்கும் தனியாக ஒன்று நிரப்புங்கள், இரண்டையும் தாளில் அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள்.

குடிநுழைவு முடிந்து வெளியே வந்ததும் பலர் கார் வேண்டுமா என்று கேட்பார்கள். யாருக்கும் பதில் சொல்லாமல் தரைத் தளத்துக்கு இறங்குங்கள். அங்கே வரிசையாக இயந்திரங்கள் இருக்கும். பொத்தானை அழுத்தினால் ஒரு சீட்டு வரும். அதில் உள்ள எண்தான் உங்கள் டாக்ஸி நிற்கும் இடம். அந்தச் சீட்டை ஓட்டுநரிடம் கொடுத்துவிடாதீர்கள். பொருள் எதையாவது வண்டியில் மறந்துவிட்டாலும், தகராறு வந்தாலும் அதுதான் ஆதாரம். மீட்டர் 35 பாட் (தாய்லாந்துப் பணம்) என்று தொடங்கும். விமான நிலையக் கட்டணம் 50 பாட் தனி. விரைவுச் சாலையில் போனால் சுங்கமும் நாம்தான் தர வேண்டும்.

ரயிலும் இருக்கிறது. விமான நிலைய அடித்தளத்திலிருந்து நகருக்குள் உள்ள பயா தாய் நிலையம் வரை 45 பாட், அரை மணிக்குள் போய்விடும். தனியாக, ஒரு பையோடு வருபவருக்கு அதுவே சிறந்தது. ஆனால் உங்களுக்கு வேண்டாம். காலை வேலைக்குப் போகிறவர்கள் நிரம்பியிருக்கும் பெட்டியில் மூட்டையோடும் முழங்கால் வலியோடும் ஏறி, பிறகு வேறு ரயிலுக்கு மாறுவது அம்மாவுக்குச் சிரமம்.

ஆறரைக்கெல்லாம் சீலோம் வந்துவிடுவீர்கள். பைகளை விடுதி வரவேற்பில் வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு லும்பினி பூங்காவுக்குப் போங்கள். அது விடியற்காலை நாலரைக்கே திறந்துவிடும். முதியவர்கள் கூட்டம் கூட்டமாக உடற்பயிற்சி செய்வார்கள். குளக்கரையில் ஆள் நீளத்துக்கு நீர் உடும்புகள் புல்வெளியைக் கடந்து போகும். யாரும் விரட்ட மாட்டார்கள், அவையும் யாரையும் சட்டை செய்யாது. எட்டு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வரும். ஓடுபவர்கள்கூட அப்படியே நின்றுவிடுவார்கள். நீங்களும் நின்றுவிடுங்கள்.

பழைய பயணி எழுதியது:

மேலே எழுதியவர் அங்கேயே வசிப்பவர்; அவருக்கு எல்லாம் எளிது. முதன்முறை போகிறவர்களின் நிலை வேறு. குளிரூட்டிய வேன், தமிழ் தெரிந்த வழிகாட்டி, நேரத்துக்குச் சாப்பாடு: இவை முதியவர்களுக்கு உண்மையிலேயே ஆறுதல். மொழி தெரியாத ஊரில் அம்மாவுக்குத் தலைசுற்றல் என்றால் உடன் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய துணை என்று அப்போதுதான் தெரியும். நான்கு நாள் பயணத்தில் ஒரு நாளைப் பூங்காவில் கழித்தால் மற்றதையெல்லாம் எப்போது பார்ப்பது? குழுவாகப் போவதைக் கேவலமாகப் பேசும் பழக்கம் சமீபத்தில் வந்திருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

படகுத்துறை எழுதியது:

ஐயா, கேவலமாகச் சொல்லவில்லை. நடக்கவே முடியாதவர்களுக்கும், பத்துப் பேர் குடும்பமாக வருகிறவர்களுக்கும் வேன்தான் சரி. என் பெரியப்பாவுக்கு நானே அப்படித்தான் ஏற்பாடு செய்தேன். நான் மறுப்பது அந்த ரத்தினக்கல் ஆலையை. பயணி வாங்கும் கல்லில் அழைத்து வந்தவருக்குக் கமிஷன் போகிறது. தெருவில் ஆட்டோ போன்ற துக்துக் வண்டிக்காரர் இருபது பாட் பணத்துக்கு ஊர் முழுக்கச் சுற்றிக் காட்டுகிறேன் என்று சொல்வதும் இதே கணக்குத்தான். கடைவாசலில் பயணியை இறக்கிவிட்டால் அவருக்குப் பெட்ரோல் கூப்பன் கிடைக்கும். தூக்கம் கெட்டு, வெயிலில் களைத்து, இன்னும் அந்த ஊர்ப் பணத்தின் மதிப்பே மனத்தில் பதியாத நேரத்தில் முதியவர்களை ஒரு நகைக்கடைக்குள் உட்கார வைப்பது நியாயமில்லை. அதைத்தான் முதல் நாள் திட்டத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

பினாங்குக்காரர் எழுதியது:

நாங்கள் மலேசிய எல்லையில் உள்ள பாடாங் பெசாரிலிருந்து இரவு ரயிலில் பாங்காக் போவது வழக்கம். முன்பு ஹுவா லம்போங் என்ற பழைய நிலையத்தில், நகரின் நடுவிலேயே இறங்கலாம். 2023 ஜனவரி முதல் தொலைதூர ரயில்கள் வடக்கே புதிதாகக் கட்டிய பெரிய நிலையத்துக்குப் போகின்றன. அங்கிருந்து மெட்ரோ இருக்கிறது.

சீலோமில் தங்கும் யோசனைக்கு என் வாக்கும் உண்டு. பான் சாலையில் உள்ள மாரியம்மன் கோயில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம்மவர்கள் எழுப்பியது. வாசலில் தாய்லாந்துப் பெண்கள் சாமந்தி மாலையும் தேங்காயும் விற்பார்கள். உள்ளே நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்து மக்கள்தான், அதுவும் இளைஞர்கள். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. விஜயதசமி இரவில் அம்மன் ஊர்வலம் வரும்போது சீலோம் சாலையையே அடைத்துவிடுவார்கள். தங்கள் வீட்டு வாசலில் தாமே பூசை மேடை அமைத்துக் காத்திருக்கும் தாய்லாந்துக் குடும்பங்களை அன்று பார்க்க வேண்டும். உங்கள் பயணம் அந்தச் சமயத்தில் அமைந்தால் தவறவிடாதீர்கள்.

தாமிரபரணி எழுதியது:

மிக்க நன்றி. இரண்டு கேள்விகள். சாப்பாட்டுக்கு என்ன செய்வது? மீன் வாடை பட்டாலே அம்மா எழுந்துவிடுவார். அரண்மனையை இரண்டாம் நாளுக்குத் தள்ளினால் சேலையில் போகலாமா?

படகுத்துறை எழுதியது:

சாப்பாட்டைத்தான் நீங்கள் உண்மையில் கவனமாகக் கையாள வேண்டும். இங்கே காய்கறி உணவு என்று சொன்னால் இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டு மீன் சாறு ஊற்றித் தருவார்கள். அது அவர்களுக்கு உப்புப் போடுவது மாதிரி. ஏமாற்றும் எண்ணம் கிடையாது. பப்பாளிக் காயை உரலில் இடித்துத் தரும் சோம் தாம் பார்க்கப் பச்சைக் காய்கறியாகவே இருக்கும், அதில் மீன் சாறோடு உலர்ந்த இறாலும் சேரும்.

நீங்கள் சொல்ல வேண்டியது "கின் ஜே". சீன பௌத்த வழக்கப்படி உண்ணும் நோன்பு உணவு அது. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் சேராது. பூண்டு, வெங்காயம்கூடக் கிடையாது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தோடு இருக்கும் கடைகள் எல்லாம் அந்த வகை. எழுத்தின் வடிவத்தைப் போனில் படமாக வைத்துக்கொண்டால் தெருவிலேயே அடையாளம் தெரிந்துவிடும். அக்டோபர் வாக்கில் ஒன்பது நாள் நோன்புத் திருவிழா வரும். அப்போது சீனக் கடைத்தெருவான யாவராத் முழுக்க மஞ்சள் கொடிதான்.

தேங்காய்ப் பால் ஊற்றிய ஒட்டரிசியும் மாம்பழமும் அம்மாவுக்குக் கட்டாயம் பிடிக்கும். முதல் நாள் மதியத்துக்கு மட்டும் கோயிலைச் சுற்றியுள்ள தென்னிந்திய உணவகம் ஒன்றில் இட்லியோ சாதமோ சாப்பிட வையுங்கள். வயிறு நிறைந்துவிட்டால் ஊர் பற்றிய அச்சத்தில் பாதி குறைந்துவிடும். வீட்டிலிருந்து பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டு வருவதை யாராவது பழித்தால் காதில் வாங்காதீர்கள்.

மூட்டை முடிச்சு எழுதியது:

அரண்மனை பற்றி நான் சொல்கிறேன். காலை எட்டரைக்குத் திறப்பார்கள். பிற்பகல் மூன்றரைக்கு மேல் உள்ளே விட மாட்டார்கள். வெளிநாட்டவருக்கு 500 பாட். சேலை தாராளமாகப் போதும், தோள் மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். திறந்தவுடன் போய்விடுங்கள், பத்து மணிக்குப் பிறகு முற்றத்தில் கால் வைக்க முடியாத வெயில்.

மதிலோரம் நடக்கும்போது நன்றாக உடுத்திய ஒருவர் வந்து, "இன்று அரண்மனை மூடியிருக்கிறது, பூசை நடக்கிறது, வேறு நல்ல இடம் காட்டுகிறேன்" என்று மிகுந்த மரியாதையோடு சொல்வார். நம்பாதீர்கள். வாயிலுக்கே போய்ச் சீருடையில் இருப்பவரிடம் கேளுங்கள். மேலே சொன்ன ரத்தினக்கல் கடைக்குத்தான் அந்த வழியும் போகிறது.

உள்ளே மரகத புத்தர் கோயிலைச் சுற்றியுள்ள திருச்சுற்றில் நேரத்தைச் செலவிடுங்கள். 178 பகுதிகளாக ராமகியன் என்ற அவர்களுடைய ராமாயணம் முழுவதும் சுவரில் ஓவியமாக ஓடுகிறது. அங்கே நிழல் உண்டு, கூட்டம் குறைவு. பெரும்பாலான குழுக்கள் பொற்கோபுரத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு இதைக் கவனிக்காமலே போய்விடுகின்றன. வெள்ளை நிறத்தில் அனுமன், பச்சை நிறத்தில் ராமன், பத்துத் தலையோடு தோசகன் என்ற ராவணன். கடலில் அணை கட்டும்போது கற்களை எடுத்துப் போட்டுவிடும் மீன் பெண்ணிடம் அனுமன் காதல் கொள்ளும் காட்சியைத் தேடிப் பாருங்கள். நம் கதையில் பிரம்மச்சாரியாக இருப்பவர் அங்கே இப்படி இருக்கிறாரே என்று உங்கள் அம்மாவுக்குத் திகைப்பாக இருக்கும். கதை தெரிந்தவர் என்பதால் வழிகாட்டி தேவைப்படாது. அவரே உங்களுக்கு விளக்குவார்.

கல்வெட்டு எழுதியது:

பழைய நகரம் வரை போகிறவர்கள் இன்னும் சற்று கிழக்கே நடந்து சாவ் சிங் சா என்ற பெரிய ஊஞ்சலையும் பார்த்துவிட வேண்டும். சிவப்பு வண்ணம் பூசிய தேக்குத் தூண்கள், ஏறத்தாழ 21 மீட்டர் உயரம். முதலில் 1784இல், இந்த நகரம் தலைநகரான இரண்டே ஆண்டுகளில் நிறுத்தியது. இப்போதுள்ள தூண்கள் 2007இல் மாற்றியவை. சிவபெருமான் பூமிக்கு இறங்கி வருவதாகக் கருதும் மார்கழி விழாவில் இளைஞர்கள் இதில் ஆடி, உயரத்தில் தொங்கும் காசுப் பையைப் பல்லால் கவ்வுவார்கள். 1935இல் ஊஞ்சலாட்டம் நின்றுபோனது.

விழா நிற்கவில்லை. எதிரே தேவஸ்தான் என்ற சிறிய கோயில் இருக்கிறது. அரசவைப் பிராமணர்கள் இன்றும் அங்கே ஆண்டுதோறும் அந்தச் சடங்கைச் செய்கிறார்கள். அதன் பெயர் திரியம்பாவாய் திரிப்பாவாய். திருவெம்பாவையும் திருப்பாவையும்தான் அந்தப் பெயரில் இருக்கின்றன. அவர்கள் ஓதும் பாடல்களில் நம் திருமுறைப் பாடல்கள் உண்டு. ஏடுகள் கிரந்த எழுத்தில் இருந்தவை. ஓதுகிறவர்களுக்குப் பொருள் தெரியாது. பல தலைமுறைகளில் ஒலி உருமாறிவிட்டது. ஆனாலும் விடாமல் ஓதிக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து ஆண்டுதோறும் இத்தனை பேர் பாங்காக் போகிறோம், கடைவீதிகளில் நாள் முழுக்கச் சுற்றுகிறோம், இந்தக் கோயில் வாசலில் மட்டும் ஐந்து நிமிடம் நிற்பதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அன்புகூர்ந்து அம்மாவை அங்கே அழைத்துச் செல்லுங்கள்.

பழைய பயணி எழுதியது:

கல்வெட்டு எழுதியது எனக்குப் புதிய செய்தி. நான் போன எந்தக் குழுவிலும் அங்கே நிறுத்தியதில்லை. நன்றி.

படகுத்துறை எழுதியது:

ஆறு பற்றி ஒன்று விட்டுப்போனது. சபான் தக்சின் ரயில் நிலையத்தின் அடியிலேயே சாத்தோன் படகுத்துறை. ஆரஞ்சுக் கொடிப் படகு என்பது ஊர் மக்கள் வேலைக்குப் போகும் படகு. கட்டணம் மிகக் குறைவு, அரண்மனைப் பக்கமும் போகும். படகு துறையை நெருங்கும்போது பின்னால் நிற்பவர் விசிலடித்தே ஓட்டுநருக்கு வழி சொல்வார். நடத்துநர் அம்மாள் நீளமான தகரக் குழலைத் திறந்து மூடி 'டக் டக்' என்று ஒலியெழுப்பிக்கொண்டே வருவார். காசும் டிக்கெட்டும் அதற்குள்தான். படகு துறையில் சில நொடிகளே நிற்கும், மிதவையும் ஆடும். அதனால் அம்மாவை முன்கூட்டியே வாயில் அருகே நிற்க வையுங்கள். காலை, மாலை நெரிசலில் வேண்டாம். பதினொரு மணி வாக்கில் போங்கள். படகில் துறவிகளுக்கென்று ஒதுக்கிய இடத்தில் பெண்கள் நிற்கக் கூடாது.

பணம் எடுக்கும் இயந்திரத்தில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் தனிக் கட்டணம் பிடிப்பார்கள். சிறிது சிறிதாக எடுக்காதீர்கள்.

தாமிரபரணி எழுதியது:

போய் வந்துவிட்டோம். எழுதியவர்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டாக்ஸிச் சீட்டு வாங்கிக்கொண்டு போனோம். ஓட்டுநர் மீட்டர் போடாமல் மொத்தமாக ஒரு தொகை கேட்டார். நான் மீட்டரைக் காட்டிச் சிரித்தேன், சீட்டையும் காட்டினேன். போட்டுவிட்டார். பிறகு வழி முழுக்க அன்பாகவே பேசிக்கொண்டு வந்தார். அம்மாவும் தமிழில் பதில் சொல்லிக்கொண்டு வந்தார்.

பூங்காவில் உடும்பைப் பார்த்ததும் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அது பாதையின் குறுக்கே நிதானமாக நடந்து, நாக்கை நீட்டி நீட்டித் தரையைத் தடவி, நீரில் இறங்கும் வரை இருவரும் அசையவில்லை. பக்கத்தில் விசிறி நடனம் ஆடிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் வந்து, பயப்படாதே என்பதுபோல் அம்மாவின் தோளைத் தட்டிவிட்டு, பெஞ்சில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. முழங்காலைக் காட்டி இவர் ஏதோ சொன்னார். அவரும் தன் முழங்காலைக் காட்டினார். பையிலிருந்து தைலம் வந்தது. எட்டு மணிக்குக் கீதம் ஒலித்தபோது இருவரும் ஒன்றாக எழுந்து நின்றார்கள்.

மதியம் கோயில், சாப்பாடு, அறை, தூக்கம். மாலையில் மழை கொட்டியது. விடுதி இருந்த சந்தில் கணுக்கால் அளவு நீர். அன்றைக்கு அரண்மனைத் திட்டத்தை ஒப்புக்கொண்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

படகு மட்டும் சரிப்படவில்லை. பதினொரு மணிக்கும் கூட்டம் நெரித்தது, அம்மாவால் நெடுநேரம் நிற்க முடியவில்லை. திரும்பும்போது நீலக் கொடிப் பயணிகள் படகில் கூடுதலாகக் கொடுத்து உட்கார்ந்து வந்தோம். முழங்கால் வலி உள்ளவர்கள் முதலிலேயே அதில் ஏறிவிடுவது நல்லது. அதேபோல, உயரத்தில் ஓடும் ரயிலின் நிலையங்களில் எல்லா வாயிலிலும் மின்தூக்கி இல்லை. எந்தப் பக்கம் இருக்கிறது என்று காவலரிடம் கேட்டால் கூடவே வந்து காட்டுகிறார்கள்.

தேவஸ்தானுக்கும் போனோம். வேறு யாரும் இல்லை. அம்மா சன்னிதியில் உட்கார்ந்து "ஆதியும் அந்தமும் இல்லா" பாடலை முழுதாகப் பாடினார். வெள்ளை உடுத்திய பெரியவர் ஒருவர் பக்கத்து அறையிலிருந்து வந்து, முடியும் வரை கைகூப்பி நின்றார். கல்வெட்டு ஐயாவுக்கு அம்மா தனியாக நன்றி சொல்லச் சொன்னார்.

கல்வெட்டு எழுதியது:

அம்மாவுக்கு என் வணக்கம். இதைப் படித்து மனம் நிறைந்தது.

ஆற்றங்கரை எழுதியது:

இழை முழுவதையும் இப்போதுதான் படித்தேன். நான் தனியாகப் போகும் பெண். என் விமானம் இரவு பதினொன்றரைக்கு இறங்குகிறது. சுகும்வித் பகுதியில் விடுதி. ரயில் கிடைக்குமா? அந்த நேரத்தில் டாக்ஸியில் தனியாகப் போகலாமா?

படகுத்துறை எழுதியது:

ரயில் நள்ளிரவோடு நின்றுவிடும். குடிநுழைவு வரிசையிலேயே அந்த நேரம் கழிந்துவிடும், அதை நம்பி இருக்காதீர்கள். சீட்டு இயந்திரம் இரவு முழுக்க இயங்கும். ஏறுவதற்கு முன் சீட்டையும் வண்டி எண்ணையும் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நானும் எத்தனையோ இரவுகள் அப்படித்தான் வந்திருக்கிறேன்.

சுகும்வித்தில் சந்துகள் ஒரு பக்கம் ஒற்றைப்படை எண்கள், மறுபக்கம் இரட்டைப்படை எண்கள். ஆனால் அடுத்தடுத்த எண்கள் எதிரெதிரே இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். சில இடங்களில் நெடுந்தூரம் தள்ளி இருக்கும். விடுதியின் பெயரையும் சந்து எண்ணையும் தாய் எழுத்தில் அனுப்பும்படி விடுதிக்கே எழுதிக் கேளுங்கள். போன் எண்ணும் இருக்கட்டும். வழி தெரியாவிட்டால் ஓட்டுநரே அழைத்துக் கேட்டுக்கொள்வார். விடுதி எந்தச் சந்தில் என்று இங்கே சொன்னால், எந்த முனையில் இறங்க வேண்டும் என்று பார்த்து எழுதுகிறேன்.